பாலாற்று முகத்துவாரத்தில் யவனத் தேறல்

உரோமையில் பயின்று திரும்பிய குருநண்பர் ஒருவர், சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவின்போது காஞ்சிபுரத்தில் நம் இல்லத்திற்கு ஒரு போத்தல் கொணர்ந்தார். ஆஸ்திப் பகுதியின் ‘மொஸ்காத்தோ’ என்னும் திராட்சை மது அது. வெளிர்மஞ்சள் நிறம், மென்மையான இனிப்பு, வார்த்ததும் மேலெழும் நுண்குமிழிகள். “நம் ஊர் உணவில் இதற்கு எது பொருந்தும்?” என்று வினவிய அவர், “யவனர் இதைத்தானே நம் காஞ்சிக்குக் கொண்டுவந்தனர்?” என்றும் சேர்த்துக்கொண்டார். முதல் வினாவைவிட இரண்டாவதே நம்மை நெடுநாள் வாட்டியது.

ஆஸ்தி வட இத்தாலியின் பியமோந்து மாநிலத்தில் உள்ளது. புனித தொன் போஸ்கோ 1815இல் பிறந்தது அத்திராட்சைக் குன்றுகளிடையேதான். மஸ்கட் என்னும் வெள்ளைத் திராட்சையின் இனிமையை மதுவில் காக்கும் முறையை, சவோய் அரச குடும்பத்தின் பொன்வினைஞர் ஜொவான் பத்திஸ்தா குரோச்சே 1606இல் நூலாக எழுதினார். கனெல்லி என்ற ஊரில் கார்லோ கான்சியா அதைக் குமிழியெழும் மதுவாக்கியது 1865ஆம் ஆண்டை ஒட்டியே. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் அந்த மஸ்கட் குலத்தின் வழிவந்ததே என அறியும்போது, போத்தல் சற்று உறவாகிவிடுகிறது.

ஆகவே யவனர் கொணர்ந்தது இதுவாக இருத்தல் இயலாது. வளியின் அழுத்தத்தைத் தாங்கக் கெட்டியான கண்ணாடியும் இறுகிய தக்கையும் வேண்டும். அவர்களிடம் இருந்தவையோ இரு கைப்பிடியும் கூர்அடியும் கொண்ட ஆம்போரா மண்சாடிகள். அச்சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. இத்தாலியின் கம்பானியா மதுவும், கடல்நீர் கலந்து செய்யப்பட்ட கோஸ் தீவு மதுவும் அவற்றில் வந்தன என ஆய்வாளர் கண்டனர். பாலாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள வசவசமுத்திரத்திலும் 1970இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ஆம்போராத் துண்டுகள் வெளிப்பட்டன. காஞ்சிக்குக் கடல்வாயில் அத்திசையில்தான் இருந்தது. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், முசிறிக்கு மது வந்தது என்கிறது. ஆனால் மிகுதியாக அன்று. அரிய பண்டம் அரண்மனையைத் தேடிச் செல்வதே இயல்பு. பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் யவனத் தேறல் அருந்தியதைப் புறநானூறு காட்டுகிறது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் நீர்ப்பெயற்றுத் துறையையும், குதிரைகள் வந்திறங்கும் மரக்கலங்களையும், யவனரின் அன்ன விளக்கையும் சொல்கிறார். எனினும் பசித்த பாணனுக்கு அவர் காட்டும் விருந்து உள்ளூரது. வலைஞர் குடியில் அரிசிக் கூழை ஆறவைத்து, புளிக்கச் செய்து, வடித்தெடுத்த நறும்பிழி. அதற்குத் துணை சுட்ட மீன். பட்டினத்தில் குழியிலிட்டுக் கொழுக்க வளர்த்த பன்றியின் இறைச்சி. அதற்குத் துணை நறவு. அந்தணர் மனையில் மது இல்லை. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும், மாவடுவும் உண்டு. எந்த உணவோடு எந்தப் பானம் என்பதை இத்தாலியரிடம் கேட்டு அறிய வேண்டிய நிலையில் தொண்டை நாடு அன்று இல்லை. மன்னனின் சாடியில் என்ன இருந்தது என்பதைவிட வலைஞனின் சாடியில் என்ன இருந்தது என்பதே நமக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதும் வியப்பே. வரலாறு பொதுவாக இப்படி நடந்துகொள்வதில்லை.

இனி நண்பரின் முதல் வினா. மொஸ்காத்தோவின் நொதித்தலைக் குளிரூட்டிப் பாதியில் நிறுத்துவதால் திராட்சையின் சர்க்கரை எஞ்சுகிறது. மதுச்சத்து ஏறத்தாழ 5 விழுக்காடே. ஆஸ்தியார் விருந்தின் முடிவில் கொட்டைப்பருப்பு கேக்கோடும், கிறிஸ்துமஸ் காலத்துப் ‘பனெத்தோனே’யோடும் அருந்துவர். பண்டம் மதுவைவிட இனிப்பாக இருந்தால் மது சப்பென்றாகிவிடும். அதிரசத்தோடு அன்று நாம் கண்டது இதுவே. தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசி தப்பியது. ஆனால் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க இல்லத்தில் அவித்த காஞ்சிபுரம் இட்லியின் காரத்திற்கு அக்குளிர்ந்த இனிப்பு மிக இசைந்தது. கோயில் இட்லியை நாம் சொல்லவில்லை. அது வரதராசப் பெருமாளின் திருவமுது, அதற்குரிய இடம் வேறு. மாவைப் பொங்கவைப்பதும் மதுவில் குமிழியாய் எழுவதும் ஒரே கரியமில வளியே என்று நண்பரிடம் சொன்னோம். அவர் மூன்றாவது இட்லியை எடுத்துக்கொண்டார்.