பிரேசில் கொட்டை மரம்

பிரேசில் கொட்டை மரம் அமேசான் படுகையில், ஆற்று வெள்ளம் ஏறாத மேட்டு நிலக் காடுகளில் தானாக வளரும் பெருமரம். பிரேசில், பொலிவியா, பெரு ஆகிய நாடுகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு மழைக்கால வருமானம் இதன் கொட்டையிலிருந்துதான் வருகிறது. உலகச் சந்தைக்கு வரும் பிரேசில் கொட்டை அநேகமாக முழுவதும் காட்டில் பொறுக்கியது. தோப்பு வைத்து வளர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. காடு தரும் அளவுக்கு அந்தத் தோப்புகள் தரவில்லை. மரத்தை வெட்டாமலே காட்டிலிருந்து பிழைக்க முடியுமா என்ற பேச்சு எழுந்தால் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்த மரம். அந்த எடுத்துக்காட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தனிக்கதை.

தாவரவியல் பெயர் பெர்த்தொலேசியா எக்செல்சா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கை ஆய்வாளர்களான ஹம்போல்ட்டும் பான்பிளாண்டும் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தொலேயைச் சிறப்பிக்க இப்பெயரைச் சூட்டினார்கள். 50 மீட்டர் வரை உயர்ந்து, மற்ற மரங்களின் தலைக்கு மேலே குடை விரிக்கும். பல நூறு ஆண்டு வாழும். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நாகலிங்கப் பூவில் லிங்கத்துக்கு மேல் படம் விரித்தாற்போலக் கவிந்திருக்கும் பகுதியைப் பார்த்தவர்களுக்குக் கொட்டை மரப் பூவின் அமைப்பு எளிதில் விளங்கும். இங்கும் அப்படியொரு மூடி உண்டு. ஆனால் அது மகரந்தத்தின்மேல் இறுக அமுங்கிக் கிடக்கும்.

அந்த மூடியை நெம்பித் தூக்க உடல்வலு வேண்டும். சிறு தேனீக்களால் ஆகாது. நம்மூரில் உத்தரத்தைத் துளைக்கும் கருவண்டின் இனமும், வேறு சில பெரிய தேனீக்களும்தான் உள்ளே நுழைகின்றன. பூ விடியலில் விரிந்து அன்றைக்கே இதழ் உதிர்த்துவிடும். ஒரு மரத்தின் மகரந்தம் அதே மரத்துக்குப் பெரும்பாலும் பயன்படாது. இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். கொட்டை மரம் பூக்காத மாதங்களிலும் அந்தத் தேனீக்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. அதைக் காட்டின் மற்ற பூக்கள் கொடுக்கின்றன. தோப்பில் குறைபடுவது இதுதான்.

காய் முதிர 14, 15 மாதம் பிடிக்கும். ஆகவே ஒரே கிளையில் இந்த ஆண்டின் பூவும் போன ஆண்டின் காயும் சேர்ந்திருக்கும். சிறு தேங்காய் அளவில், 2 கிலோ வரை கனக்கும் உருண்டை; ஓடு மரக்கட்டை போலக் கெட்டி. அதற்குள் 10 முதல் 25 கொட்டைகள் ஆரஞ்சுச் சுளை மாதிரி அடுக்கியிருக்கும். காய் விழுந்தாலும் ஓடு உடைவதில்லை. அதைப் பல்லால் கடித்துத் திறக்க அகூட்டி என்ற கொறித்துண்ணி வர வேண்டும். முயல் அளவுள்ள இது, தின்றது போக மிச்சத்தை அங்கங்கே மண்ணில் புதைத்து வைக்கும். மறந்துபோனவற்றில் சில, ஓராண்டு கழித்தோ அதற்கும் மேலோ முளைக்கும். முளைத்த கன்று உயர வேண்டுமானால் பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்து வெயில் இறங்க வேண்டும்.

மனிதரும் இதை நெடுங்காலமாகத் தின்றுவருகிறார்கள். பிரேசிலின் மோன்ட்டே அலெக்ரே குகை அகழாய்வில், ஏறத்தாழ 11,000 ஆண்டுக்கு முன் அங்கே தங்கியவர்களின் அடுப்புக் கரியோடு இந்தக் கொட்டையின் எச்சங்களும் கிடைத்தன. பழைய குடியிருப்புகளின் அருகே இம்மரம் அடர்ந்து நிற்பதைப் பார்த்து, இந்தக் கூட்டங்களில் பழங்குடிகளின் கைவேலையும் இருக்கிறது என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனிதக்கை படாத காடு என்ற பேச்சை இங்கே அடக்கியே வாசிக்க வேண்டும்.

பொறுக்கும் பருவம் மழைக்காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை. 50 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் 2 கிலோ உருண்டை தலையில் விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார். அதனால் பெரும்பாலான காய்கள் விழுந்து முடியும்வரை காத்திருப்பார்கள். காற்றடிக்கும் நாளில் மரத்தடிக்குப் போக மாட்டார்கள். இலைச் சருகில் பாம்பு இருக்கும் என்பதால், நுனி பிளந்த கோலால் காயைக் கவ்வி எடுத்து முதுகுக் கூடைக்குள் போடுகிறார்கள். ஓரிடத்தில் குவித்து, வெட்டுக்கத்தியால் ஓட்டைப் பிளந்து, கொட்டையை ஓடைத் தண்ணீரில் கொட்டினால் சொத்தை மிதக்கும். பிரேசில் கிராமங்களில் அளவை இன்னும் 'லாத்தா', அதாவது பழைய மண்ணெண்ணெய் டின். ஐம்பது அறுபது கிலோ மூட்டையை ஆற்றங்கரை வரை முதுகில் சுமப்பது ஆளின் வேலை. கழுதை வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர்.

வெகுகாலம் வரை இந்த உழைப்பின் பலன் உழைத்தவருக்குச் சேரவில்லை. முதலாளி அரிசி, உப்பு, துணி என்று முன்பணமாகக் கொடுப்பார். பருவ முடிவில் கொட்டையை அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துக் கடனைக் கழிக்க வேண்டும். கடன் கழிந்ததாகச் சரித்திரம் இல்லை.

மேற்கு பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கே ஒரே குடும்பம் வெயில்காலத்தில் ரப்பர் பால் எடுக்கும், மழைக்காலத்தில் கொட்டை பொறுக்கும். 1970களில் மாட்டுப்பண்ணைக்காரர்கள் காட்டை வாங்கி வெட்டத் தொடங்கியதும், தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு மரம் அறுக்கும் இடத்துக்கே போய் மறித்து நின்றார்கள். ஷாப்புரி ஊரின் தொழிற்சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸ் அந்தப் போராட்டத்தின் முகமானார். 1988 டிசம்பர் 22 அன்று வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1990இல் அவர் பெயரால் 9 லட்சம் எக்டேருக்கு மேற்பட்ட காடு, மக்கள் பயன்பாட்டுக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நிலம் அரசுடையது, குடியிருந்து பயன்படுத்தும் உரிமை குடும்பங்களுக்கு, விற்க முடியாது.

சட்டம் மரத்தைத் தனியாகவும் காத்துப் பார்த்தது. 1994இல் ஓர் ஆணை பிரேசிலில் கொட்டை மரத்தை வெட்டுவதைத் தடைசெய்தது. பலன் விபரீதமானது: பண்ணைக்காரர்கள் சுற்றியிருந்த காட்டைக் கொளுத்தி, இதை மட்டும் விட்டுவைத்தார்கள். புல்வெளி நடுவே ஒற்றையாக நிற்கும் மரங்களில் சில காய்க்கவும் செய்கின்றன. ஆனால் அகூட்டி திறந்த வெளிக்கு வராது, கன்று எழும்பாது, ஆண்டுதோறும் வைக்கும் தீ அடிமரத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும். பாரா மாநிலத்தின் தென்கிழக்கில், ஒரு காலத்தில் கொட்டைக்குப் பெயர்போன பகுதியில், இப்படிக் கருகிய மரங்கள் ஏராளம். 1996 ஏப்ரலில் அங்கே எல்டொராடோ தோஸ் கராஜாஸ் அருகே நிலமற்ற தொழிலாளர் 19 பேரைப் போலீசார் கொன்றார்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னம் எரிந்துபோன 19 கொட்டை மரத் தண்டுகள்.

காடு இருந்தால் மட்டும் போதுமா என்பதிலும் தகராறு உண்டு. மூன்று நாடுகளில் 23 இடங்களை ஒப்பிட்ட ஆய்வு 2003இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. நீண்டகாலம் தீவிரமாகப் பொறுக்கிய இடங்களில் இளமரங்களே அரிது என்றது அது. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு கலங்கவில்லை. பயிர்செய்து கைவிட்ட கொல்லைகளில் கன்றுகள் நன்றாக எழும்புவதை அவை காட்டின. காட்டோரக் குடியானவரின் சாகுபடியை ஒரேயடியாகக் குற்றம்சொல்வோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விலை இன்னொரு தலைவலி. ஈரத்தில் குவித்த கொட்டையில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நச்சு உண்டாகும். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் பிரேசிலின் ஓட்டுக்கொட்டைக்குக் கெடுபிடி விதித்தது. ஓடு நீக்கி அனுப்பும் பொலிவியாவின் கை ஓங்கியது. அந்நாட்டின் ரிபெரால்ட்டா நகரமே கொட்டை உடைக்கும் ஆலைகளை நம்பி நிற்கிறது. 2015-16 எல் நினோ வறட்சியின் அடி, காய் முதிர எடுக்கும் காலத்தால், 2017 பருவத்தில் விழுந்தது. விலை எகிறியது, ஆனால் விற்கக் கையில் சரக்கு இல்லை.

சிக்கோ மென்டிஸ் காப்புக்காட்டிலேயே இப்போது மாடு பெருகியிருக்கிறது. காட்டு ரப்பரின் விலை விழுந்தபின் வெயில்கால வருமானம் போயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாட்டை எந்த மாதத்திலும் ஓட்டிப் போய் விற்றுவிடலாம். கொட்டைக்கு அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டும்.