தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்

தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் 1965ஆம் ஆண்டின் இறுதியில் உருவான ராக் இசைக்குழு ஆகும். இப்பெயருக்குப் 'பதின்மூன்றாம் தள மின்தூக்கிகள்' என்பது பொருள். 13 தீய எண் என்ற நம்பிக்கையால் அமெரிக்காவின் பல உயரமான கட்டடங்களில் அந்த எண்ணுள்ள தளமே இருப்பதில்லை. எல்.எஸ்.டி போன்ற பொருள்கள் தரும் மனமயக்க அனுபவத்தை இசையில் வெளிப்படுத்திய சைகடெலிக் ராக் வகையின் முன்னோடிகளுள் இக்குழுவும் ஒன்று.

தோற்றம்

ரோக்கி எரிக்சன் பாடகராகவும் ஸ்டேசி சதர்லேண்ட் முதன்மைக் கிதார் கலைஞராகவும் இருந்தனர். பாடல் வரிகள் பலவற்றை எழுதிய டாமி ஹால், குடுவை ஒன்றின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்து, வாயால் விரைவான ஒலிகளை எழுப்பினார். இந்த 'மின் ஜக்' ஒலியே குழுவின் தனி அடையாளமாயிற்று. எல்.எஸ்.டி அறிவை விரிவாக்கும் என்று ஹால் உறுதியாக நம்பினார். குழுவினரையும் அவ்வழியில் நடத்தினார்.

இசைத்தொகுப்புகள்

எரிக்சன் எழுதிய 'யூ ஆர் கோனா மிஸ் மீ' 1966இல் வெளியாகி, பில்போர்டு தரவரிசையில் 55ஆம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அரங்குகளில் குழு இசைத்தது. அவ்வாண்டில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பு, 'சைகடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட தொடக்ககால ராக் தொகுப்புகளுள் ஒன்று. 1967இல் வந்த 'ஈஸ்டர் எவ்ரிவேர்' குழுவின் சிறந்த படைப்பாகப் பலராலும் கருதப்படுகிறது. 1968இல் 'லைவ்' என்ற பெயரில் வெளியான தொகுப்பு உண்மையில் மேடைப் பதிவு அன்று; ஒலிப்பதிவுக்கூடப் பாடல்களுடன் கைதட்டல் ஓசையை நிறுவனம் சேர்த்திருந்தது. இறுதித் தொகுப்பான 'புல் ஆஃப் த வுட்ஸ்' 1969இல் வெளியானது. அதில் சதர்லேண்டின் பங்கே மிகுதி.

வீழ்ச்சி

போதைப்பொருள் குழுவை இருபுறமும் தாக்கியது. ஒருபுறம் 1968இல் எரிக்சனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. மறுபுறம் டெக்சாஸ் சட்டம் கஞ்சா வைத்திருப்பதைப் பெருங்குற்றமாகக் கருதியது. குழு தொடங்கிய சில வாரங்களிலேயே, 1966 சனவரியில், உறுப்பினர்கள் கைதாயினர். 1969இல் ஒரேயொரு கஞ்சாச் சுருட்டுடன் பிடிபட்ட எரிக்சன், நெடுங்காலச் சிறைத்தண்டனையைத் தவிர்க்க, தாம் மனநலம் குன்றியவர் என வாதிட்டார். அவ்வாதம் சிறையைத் தவிர்த்ததே தவிர விடுதலை தரவில்லை. ரஸ்க் நகரிலிருந்த, குற்றவழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்கான அரசு மருத்துவமனையில் 1972 வரை அவர் அடைக்கப்பட்டிருந்தார். அதற்குள் குழு கலைந்துபோயிருந்தது.

பிற்காலமும் தாக்கமும்

1972இல் வெளியான 'நக்கெட்ஸ்' என்ற தொகுப்பில் 'யூ ஆர் கோனா மிஸ் மீ' இடம்பெற்று, புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. சதர்லேண்ட் 1978இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிக்சன் தனியாகப் பாடல்கள் பதிவு செய்தாலும் நோயால் பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். 1990இல் ஆர்.இ.எம்., இசட்இசட் டாப் உள்ளிட்ட குழுக்கள் அவருடைய பாடல்களைப் பாடி ஒரு தொகுப்பை வெளியிட்டன. 2001இல் அவருடைய தம்பி சட்டப்படி பாதுகாவலராகி முறையான சிகிச்சை கிடைக்கச் செய்தபின், எரிக்சன் மீண்டும் மேடையேறினார். குழுவின் பழைய உறுப்பினர்கள் 2015இல் ஆஸ்டினில் ஒன்றுசேர்ந்து இசைத்தனர். எரிக்சன் 2019 மே 31 அன்று அதே நகரில் காலமானார்.