விண்ணின் கண்ணும் மண்ணின் கையும்

பெங்களூரின் வடமேற்கே உள்ள பீனியாத் தொழிற்பேட்டையை நம்மில் அறியாதார் சிலரே. பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் பலர், அங்குள்ள பட்டறைகளில்தான் தம் வாழ்க்கையைத் தொடங்கினர். அப்பேட்டையின் எளிய கொட்டகைகளிலேதான் இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா உருவாயிற்று. யு. ஆர். ராவ் தலைமையில் இளம் பொறியாளர்கள் அமைத்த 360 கிலோ எடையுள்ள அக்கோள், 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டு ஏவுகலத்தின் மூலம் விண்ணேறியது.

வானில் கோளை விடுவதால் எளிய மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அக்கேள்விக்குரிய விடையை நம் கடற்கரையின் வரலாற்றிலேயே தேடுவோம்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் வண்டியைக் கடல் கொண்டது. அதில் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. வண்டியில் இருந்தவர்க்குச் செய்தி சொல்ல வழியில்லை. அவர்களுக்கு நேர்ந்ததை உடனே அறியக் கரையில் இருந்தவர்க்கும் வழியில்லை. மீட்கச் செல்வோரிடம் துணிவு குறையவில்லை. எங்கே செல்வது என்ற அறிவுதான் அவர்களுக்குக் கிட்டவில்லை.

இக்குறையை நீக்கும் முயற்சியில் ஒரு பெரும்படி 1983இல் ஏறப்பெற்றது. அவ்வாண்டில் விண்ணேறிய இன்சாட்-1பி அமெரிக்காவில் செய்யப்பட்டதேனும், நம் கருநாடகத்து ஹாசனிலிருந்து இயக்கப்பட்டது. அது மேகங்களைப் படமெடுத்தது. செய்தியையும் சுமந்து சென்றது. வானிலை நிலையத்தார் உரைத்த எச்சரிக்கை அக்கோள் வழியே கடலோர ஊர்களில் வைத்த கருவிகளை அடைந்து, சங்கொலியோடு வட்டார மொழியில் முழங்கியது. 1977 நவம்பரில் ஆந்திரக் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 1990 மே மாதத்தில் அதே கரையை மற்றொரு கடும்புயல் தாக்கியபோது மாண்டவர் ஏறத்தாழ 1,000 பேர். எச்சரிக்கை காலத்தில் எட்டியதும், மக்கள் பல்லாயிரவராக அப்புறப்படுத்தப்பட்டதும் இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணங்கள் ஆயின.

புயல் ஓய்ந்த பின்னரும் ஓர் இடர் இருந்தது. 1988இல் விண்ணேறிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ போன்ற கோள்கள் சூரிய ஒளியில் மட்டுமே படமெடுக்க வல்லவை. வெள்ளம் வரும் நாளிலோ வானம் மேகத்தால் மூடிக்கிடக்கும். கண் வேண்டிய நேரத்தில் கண் மறைந்துவிடும்! இதற்கு மாற்றாக, 2012 ஏப்ரல் 26 அன்று ரிசாட்-1 என்னும் ரேடார்க் கோள் ஏவப்பட்டது. அரியலூரில் பிறந்து பெங்களூரில் பணியாற்றிய என். வளர்மதி அம்மையார் அதன் திட்ட இயக்குநர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அத்தகைய கோள் தானே மின்காந்த அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு படம் வரையும். இரவும் மேகமும் அதற்குத் தடையல்ல. அசையாத நீர்ப்பரப்பு அலையை வேறு திசையில் சிதறவிடுவதால் படத்தில் கரிதாகத் தோன்றும். எந்தத் தெரு மூழ்கியது, எந்தச் சாலை வெளியே நிற்கிறது என்பதைப் படகோடு புறப்படுவோர் அதைக்கொண்டு அறியலாம்.

ஆயினும் கோள் தனக்குரிய வேளையில்தான் தலைக்குமேல் வரும். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தி. 2013இல் உத்தரகண்ட வெள்ளத்திலும், 2024 ஜூலை 30 அன்று நேர்ந்த வயநாட்டு நிலச்சரிவிலும் அது தேடுவோர்க்குத் துணைநின்றது. வயநாட்டில் கோள்களின் படங்கள் சரிவின் முழு வடிவையும் காட்டின; ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருந்தது. கால் வைக்க இயலாத சேற்றுப்பகுதிகளை மேலே தாழப் பறந்து டிரோன்கள் காட்டின. டிரோனுக்குச் சுமக்கவும் தெரியும். பெங்களூர்த் தேசிய விண்வெளி ஆய்வகம் செய்த எட்டுச் சுழலி கொண்ட டிரோன், 2021 நவம்பரில் ஓசூர்ச் சாலையிலுள்ள சந்தாபுரத்திலிருந்து ஆரகத்தே கிராமத்துக்குத் தடுப்பூசி மருந்தைக் கொண்டுசென்றது.

இத்தனை கண்கள் இருந்தும் 2017இல் நாம் இடறினோம். நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்ததைக் கோள்கள் கண்டன. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கச் சென்றவர்க்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து சில மைல் கடந்தால் கைப்பேசி ஊமையாகிவிடும். தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அல்லது திரும்பவே இல்லை. விண்ணின் கண் கண்டதை மண்ணின் செவிக்கு உரைக்காவிடில் அக்காட்சியால் பயனில்லை என்பதை அத்துயரம் நமக்குக் கற்பித்தது.

அப்பாடம் வீணாகவில்லை. கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. படகிலிருப்பவர் எச்சரிக்கையைக் கேட்கலாம்; ஆபத்தில் தாமே குரலெழுப்பவும் செய்யலாம்.

கப்பலோ விமானமோ விபத்துக்குள்ளாகும்போது எழும் அபயச் சைகையைக் கோள்கள் வழியே பெற்று, மீட்புப் படையினர்க்கு அறிவிக்கும் இந்திய நிலையம் ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது? அதே பீனியாவில்! அன்று முதற்கோளைச் செய்த இடத்திற்கு இன்று கடலில் தவிப்போரின் குரல் வந்து சேர்கிறது.

நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். புயல் எழும்போது நம் பெற்றோரும் உடன்பிறந்தாரும் கரையில் இருக்கிறார்கள். நாமோ தொலைவில் இருக்கிறோம். எச்சரிக்கையைக் கேட்டவுடன் தொலைபேசியில் அழைத்து, "பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்" என்று வற்புறுத்துவது நம்மால் இயலும். விண்ணிலிருந்து புறப்பட்ட செய்தி வீட்டு வாயிலை அடையும் கடைசி அடி அதுவே. அந்த அடியை நாம் தவறாது எடுத்து வைப்போமாக.