மலிவுப் பாதையின் விலை

குறைந்த செலவில் உலகைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் கைநூல்களை ரொறொன்ரோவின் எந்தப் புத்தகக் கடையிலும் காணலாம். எந்த மாதம் ரிக்கற் மலிவு, எந்த நகரத்தில் எந்த விடுதியில் படுக்கலாம் என்ற விபரமெல்லாம் அவற்றில் உண்டு. ஒரு விடயத்தை மட்டும் அவற்றை எழுதியவர்கள் எழுதுவதில்லை. பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. கையிலுள்ள பாஸ்போட் எந்த நாட்டினுடையது என்பதுதான். கனடியப் பாஸ்போட்டுடன் கொழும்புக்குப் போய்வருபவருக்கு ஒரு மாதச் சம்பளம் போதும். அதே வழியால் மறுதிசையில் வந்த எம்மவர் பலருக்கு ஒரு காணித்துண்டு, அம்மாவின் தாலிக்கொடி, தங்கைக்கென வைத்திருந்த சீதனக்காசு எல்லாம் சேர்ந்தும் போதவில்லை. ஏழையின் பயணமே உலகில் விலை கூடிய பயணம். இந்த விலை எப்படி ஏறியது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எமது வரலாறும் கூட.

இந்த வரலாறு எம்மோடு தொடங்கவில்லை. சீனரைத் தடுக்க 1885இல் கனடா தலைக்கு 50 டொலர் வரி விதித்தது. 1903இல் அது 500 டொலராயிற்று. இந்தியருக்கு அப்படி வெளிப்படையாக வரிபோட முடியவில்லை, அவர்கள் பிரித்தானிய முடியின் பிரசைகள். ஆகவே 1908இல் வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பிறந்த நாட்டிலிருந்து எங்கும் தரித்து மாறாமல், அங்கேயே வாங்கிய ரிக்கற்றுடன் நேரே வந்து இறங்குபவரையே அனுமதிப்பது என்பது விதி. அப்படி நேரே வருவதற்கு இந்தியாவிலிருந்து கப்பல் சேவை இருக்கவில்லை. போதாதென்று ஆசியர்கள் கையில் 200 டொலர் காட்டவேண்டும் என்றும் வைத்தார்கள். நேரே வரவேண்டும் என்ற விதியில் இனம் என்ற சொல்லே இல்லை, ரிக்கற்தான் இருந்தது.

1914 மே 23ஆம் திகதி கொமகாட்டா மாரு 376 பயணிகளுடன் வன்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலானோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். இரண்டு மாதம் கப்பலிலேயே வைக்கப்பட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தவிர மற்றெல்லோரும் ஜூலை 23ஆம் திகதி திருப்பி அனுப்பப்பட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது பொலிசார் சுட்டதில் இருபது பேரளவில் இறந்தார்கள். கனடாவின் வாசலில் ரிக்கற்றை எல்லைக்காவலாக நிறுத்தும் வித்தை அன்றே கைவந்துவிட்டது.

எம்மவரின் பயணம் எழுபதுகளில் ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின் படிப்பும் வேலையும் கைநழுவிய இளைஞர்கள் சிலர் மேற்கு ஜேர்மனியை நோக்கி வெளிக்கிட்டார்கள். அங்கே போக ஒரு விசித்திரமான வாசல் திறந்திருந்தது. கிழக்கு ஜேர்மனியின் இன்ரர்புளுக், சோவியத்தின் ஏரோபுளொட் ஆகிய விமானசேவைகள் அந்நியச் செலாவணிக்காக மலிவாக ரிக்கற் விற்றன. கிழக்கு பேர்ளினின் ஷோனெபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவுடன் நகரத்துக்கு வந்து, பிறீட்றிக்ஸ்ராச நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த சில நிமிடங்களில் மேற்கு பேர்ளின். மேற்கு நாடுகள் பேர்ளின் மதிலை ஒரு சர்வதேச எல்லையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் நின்று பாஸ்போட் பார்க்கவும் அவர்களால் முடியவில்லை. பார்த்தால் எல்லையை ஒத்துக்கொண்டதாகிவிடும்! இறங்கியவருக்கு மேற்கு ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு புகலிட உரிமை தந்தது. இரண்டு வல்லரசுகளின் பிடிவாதத்துக்கு நடுவிலிருந்த ஒரு இடுக்கினூடாக யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் புகுந்து போனார்கள். ‘அசூல் அடிப்பது’ என்ற சொல் எமது மொழிக்கு வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

1983 ஜூலைக்குப் பின் அந்த இடுக்கில் நெரிசல் ஏற்பட்டது. கொழும்பிலே எரிந்த வீடுகளிலிருந்தும், வடக்கிலே சுற்றிவளைப்புகளிலிருந்தும் தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். உடனே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்கு அது அப்படிச் செய்தது அதுவே முதல்தடவை. அதே ஆண்டு கோடையில், மேற்கு ஜேர்மனிக்குப் போக விசா இல்லாத தமிழரை இடைவழியில் ஏற்றுவதில்லை எனக் கிழக்கு ஜேர்மனி ஒத்துக்கொண்டது. அந்த வேளையிலேயே மேற்கு ஜேர்மனி அதற்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடனின் எல்லை 600 மில்லியனிலிருந்து 850 மில்லியன் கணக்கலகுகளாக உயர்த்தப்பட்டது. எமக்குத் தெரியாமலே இரண்டு ஜேர்மனிகளின் கணக்குப் புத்தகத்தில் எமக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒரு விதியை இந்த இடத்தில் கவனிக்கலாம். விசா வந்ததால் பயணம் நின்றுவிடவில்லை, ஏஜென்சி வந்தது. முன்னர் விமானக் கம்பனிக்குப் போன காசு இப்போது தலை மாற்றிய பாஸ்போட்டுக்கும், மொஸ்கோவிலும் பாங்கொக்கிலும் ஆபிரிக்க நகரங்களிலும் மாதக்கணக்கில் அடைந்து கிடக்கும் அறைகளுக்கும், ‘ஆள் போய்ச் சேர்ந்தால்தான் காசு’ என்று நடுவில் ஒருவரிடம் கட்டிவைக்கும் பிணைக்கும் போகத் தொடங்கியது. ஒரு கதவு சாத்தப்படும் போதெல்லாம் ஏஜென்சியின் விலை ஒருபடி ஏறியது.

ஜேர்மனிக்குள் வந்துவிட்டவர்களுக்கும் நிம்மதியில்லை. அகதி முகாம்களில் வேலை செய்யத் தடை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தடை, வழக்கு முடிந்தால் திருப்பி அனுப்பப்படும் பயம். ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்க இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி கனடிய உச்சநீதிமன்றம், சிங் வழக்கில், கனடிய மண்ணில் நிற்கும் எந்த அகதி விண்ணப்பதாரிக்கும் தன் கதையை நேரில் சொல்லும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சாபிகள். 1914இல் வாசலோடு திருப்பப்பட்டவர்களின் வழிவந்தோர் திறந்துவிட்ட கதவினால்தான் நாங்கள் உள்ளே வந்தோம் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

1986 ஜூலை இறுதியில் வடஜேர்மனியின் வேசர் ஆற்றங்கரைத் துறைமுகமான பிறாக்கேயிலிருந்து ஒளறிகே என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. கப்டன் ஜேர்மானியரான வொல்ப்காங் பின்டெல். பயணிகள் ஆளுக்கு ஐயாயிரம் மார்க் வரையில் கொடுத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதியில்லாத நாட்டில் ஐயாயிரம் மார்க் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பதை வாசகர் தாமே ஊகிக்கலாம். அத்திலாந்திக்கைக் கடந்து, நியூபவுண்ட்லாண்ட் கரைக்கு அப்பால், 155 பேரும் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டார்கள். மொன்றியல் கிட்டத்தான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மொன்றியலோ அங்கிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால். புகார் மூடிய கடலில் நாட்கணக்கில் மிதந்தவர்களை ஓகஸ்ட் 11ஆம் திகதி கஸ் டோல்ரன் என்ற மீனவர் கண்டார். தன் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றி, மற்றப் படகுகளையும் அழைத்தார். யார், எவர், என்ன பாஸ்போட் என்று அவர் கேட்கவில்லை. கடலில் தத்தளிப்பவனைத் தூக்குவது மீனவரின் சட்டம்.

சென் ஜோன்ஸ் நகரில் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக முதலில் சொன்னார்கள். சில நாட்களில் ஜேர்மனி விடயம் வெளிவந்தது. பொய் சொன்னவர்கள், வரிசையை முந்தியவர்கள் என்று பத்திரிகைகளில் கண்டனங்கள் குவிந்தன. பிரதமர் பிறைன் மல்றோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். தவறுவதென்றால் கருணையின் பக்கம் தவறுவோம் என்பது அவர் சொன்னதன் சாரம். ஒருவருட அமைச்சர் அனுமதிப்பத்திரமும் வேலை செய்யும் உரிமையும் கிடைத்து, அவர்கள் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அகதிகளுக்குச் செய்த உதவிக்காக ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டதும் அதே 1986ஆம் ஆண்டுதான்.

அந்தக் கருணை நீடிக்கவில்லை. 1987 பெப்ரவரியில் அமெரிக்க எல்லையால் வருவோர் விசாரணைத் திகதி கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பவலோவிலும் பிளற்ஸ்பேர்க்கிலும் தேவாலயத்தாரின் தயவில் எம்மவர் காத்துக்கிடந்தார்கள். புதிய அகதிச் சட்டங்கள் 1989 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தன. 1993இல் ஜேர்மனியும் தன் 16ஆம் பிரிவைத் திருத்தியது.

அதற்கிடையில் எமது முதல் எல்லை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 1990க்குப் பின் வடக்கிலிருந்து வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும், பிணைக்கு ஆள் வேண்டும். பாதைகள் மூடப்பட்டபின் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேண்டும், கடற்படை சுடும். கொழும்பு வந்தால் லொட்ஜ், பொலிஸ் பதிவு, கைது. கட்டுநாயக்காவில் கால் வைக்க முன்னரே பாதிக்காசு கரைந்திருக்கும்.

விலையைக் காசில் கொடுக்க முடியாதவர்கள் வேறுவிதமாகக் கொடுத்தார்கள். 1995 ஜூலையில் ஹங்கேரியில் பூட்டிய லொறியொன்றில் 18 தமிழர் மூச்சுத்திணறி இறந்தார்கள். 1996 நத்தார் இரவில், மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையில், பெரிய கப்பலிலிருந்து சிறிய படகொன்றுக்கு மாற்றப்பட்ட இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் என 283 பேர் மூழ்கினார்கள். தப்பியவர்கள் கிரேக்கத்தில் நடந்ததைச் சொன்னார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. போர்த்தோபாலோ என்ற சிசிலியக் கிராமத்து மீனவர்களின் வலைகளில் மாதக்கணக்கில் உடல்கள் வந்தன. தொழில் கெட்டுவிடும் என்று அவற்றைத் திரும்பக் கடலில் போட்டு வாய்மூடி இருந்தார்கள். வலையில் சிக்கிய ஒரு களிசானில் தமிழ் இளைஞர் ஒருவரின் அடையாள அட்டை இருந்தது. அதைக் கண்ட மீனவர் ஒருவர் ஊரை மீறிப் பேசியதால், 2001இல் இத்தாலியப் பத்திரிகையாளர்கள் கடலடியில் அந்தப் படகைக் கண்டுபிடித்தார்கள். அந்த அட்டை இல்லாதிருந்தால் அந்த 283 பேரும் இன்றும் வதந்தியாகவே இருந்திருப்பார்கள்.

ரொறொன்ரோவில் வந்திறங்கியவரின் கதை வேறு. சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிவீடுகளில் ஓரறைக்குள் ஐந்தாறு பேர். படுக்கை மாறிமாறி, இரவு வேலைக்காரன் எழும்ப பகல் வேலைக்காரன் படுப்பான். உணவகத்தில் கோப்பை கழுவிய காசில் வாடகைக்கு ஒரு பங்கு, சீட்டுக்கு ஒரு பங்கு, மிச்சம் உண்டியலில் ஊருக்கு. முதலில் வந்த கடன் தீரமுன்னரே தம்பியை வெளியில் எடுப்பதற்கு அடுத்த கடன். அரசாங்கமும் தன் பங்கைக் கேட்டது. 1995 வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தர வதிவிடத்துக்கு வளர்ந்தவர் ஒவ்வொருவரும் 975 டொலர் கட்டவேண்டும் என்று வந்தது. விண்ணப்பக் கட்டணம் 500 டொலர் அதற்குப் புறம்பு. அகதியாக ஏற்கப்பட்டவர்களும் கட்டினார்கள். பழைய தலைவரியை அது ஞாபகப்படுத்துகிறது என்று பலர் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அகதிகள் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

பின்னர் 2009இல் ஓஷன் லேடியில் 76 பேர், 2010 ஓகஸ்டில் சன் சீயில் 492 பேர், முள்ளிவாய்க்காலுக்குப் பின் மேற்குக் கரையில் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் டொலர் கொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின; இவ்வளவு காசுள்ளவன் எப்படி அகதியாவான் என்று கேட்டன. இக்கேள்வியை எமது கடைகளிலும் கலியாண வீடுகளிலும் எம்மவரே கேட்டார்கள் என்பதுதான் வேதனை. அந்தக் காசு கையிலிருந்த காசல்ல, உறவினர்கள் பொறுப்பேற்ற கடன். ஐயாயிரம் மார்க் முப்பதாயிரம் டொலரானது பயணியின் வசதி கூடியதால் அல்ல, இடையில் கதவுகள் சாத்தப்பட்டதால். வரிசையை முந்தினார்கள் என்பவர்கள் எந்த வரிசை, எந்தத் தூதரகத்தின் முன்னால், எந்த ஆண்டு அகதிக்காகத் திறந்திருந்தது என்று காட்டவேண்டும். வழி இன்னும் சுருங்கியே வருகிறது. அமெரிக்காவுடனான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் 2004இல் நடைமுறைக்கு வந்து, 2023 மார்ச்சில் தரையெல்லை முழுவதற்கும் விரிந்துவிட்டது. இன்று அதன் விலையைக் கொடுப்பவர்கள் வேறு மொழி பேசுகிறார்கள். அவர்களைப் பற்றி எமது வீடுகளில் நாம் என்ன பேசுகிறோம்?

2016இல், முப்பது ஆண்டு நிறைவில், அந்த 155 பேரில் சிலர் நியூபவுண்ட்லாண்டுக்குப் போய் கஸ் டோல்ரனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் நன்றியோடு கணக்கும் எழுதப்படவேண்டும். இந்தப் பயணங்களுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. பொய்ப் பெயரில் வந்தவருக்குப் பயணப் பதிவும் இல்லை. விசாரணை அதிகாரிக்குச் சொன்ன கதை கோப்பில் இருக்கும்; அது வழக்குக்காகச் சொன்ன கதை. மற்றது வந்தவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. எண்பதுகளில் இருபது வயதில் வந்தவர்கள் இப்போது அறுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். எந்தக் காணி ஈட்டில் போனது, எந்த நகரத்தில் எத்தனை மாதம் அறைக்குள் கிடந்தீர்கள், யார் கூடவந்து பாதியில் காணாமற்போனார், கடன் எந்த ஆண்டு தீர்ந்தது என்பதை ஒரு பழைய கொப்பியிலாவது எழுதி வையுங்கள். எழுத நேரமில்லை என்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.