மொஸ்கிட்டோ விரிகுடா: ஒளிரும் நீரும் இரவு நீச்சலும்

மொஸ்கிட்டோ விரிகுடா, கரிபியக் கடலில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேகெஸ் தீவின் தென்கரையில் உள்ளது. விரிகுடா என்று பெயர் பெற்றிருந்தாலும், இது குறுகிய வாய் கொண்ட, ஆழம் குறைந்த ஓர் உப்பங்கழியே. சுற்றிலும் அலையாத்தி மரங்கள் அடர்ந்துள்ளன. நிலவற்ற இரவில் இதன் நீரில் துடுப்பு பட்டால் நீலப்பச்சை ஒளி எழும். மீன் ஓடினால் அதன் பாதை ஒளிக்கோடாகத் தெரியும். உலகிலேயே மிகுந்த ஒளியுடைய உயிரொளிர் விரிகுடா என்று கின்னஸ் நிறுவனம் இதைப் பதிவு செய்துள்ளது.

முன்பு இங்கு வரும் சுற்றுலாப் பயணிகள் இருட்டில் படகிலிருந்து நீருக்குள் குதித்து நீந்துவர். கையை வீசினால் விரல் நுனிகளிலிருந்து ஒளித்துளிகள் சிதறும். பயணத்தின் உச்சமாகக் கருதப்பட்டது அந்த நீச்சல்தான். இன்று இங்கே நீந்தத் தடை உள்ளது. அந்தத் தடையின் பின்னணியைப் புரிந்துகொள்ள, இதே உயிரி வாழ்ந்த வேறு சில நீர்நிலைகளின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒளி தரும் உயிரி

இந்த ஒளியைத் தருவது பைரோடினியம் பகாமென்சே என்னும் ஒருசெல் உயிரி. சுழிக்கசை உயிரிகள் எனப்படும் நுண்ணுயிர்க் குழுவைச் சேர்ந்தது. 'பைரோ' என்றால் நெருப்பு, 'டினியம்' என்பது சுழல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்கே இதன் அளவு. நீர் அசையும்போது இதன் செல்லுக்குள் லூசிஃபெரின் என்னும் பொருள் லூசிஃபெரேஸ் என்னும் நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, வெப்பமில்லாத ஒளியை வெளியிடுகிறது. ஓர் ஒளிக்கீற்று நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். பகலில் இந்த உயிரி தாவரம் போல ஒளிச்சேர்க்கை செய்கிறது. அதன் உள்ளுடல் கடிகாரம் ஒளிரும் வேலையை இரவுக்கென்றே ஒதுக்கி வைத்துள்ளது.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதைப் பலர் நினைவு வைத்திருப்பர். அது நாக்டிலூகா என்னும் வேறோர் உயிரியின் வேலை. திறந்த கடலில் அது திடீரெனப் பெருகும், சில நாள்களில் மறையும். மொஸ்கிட்டோ விரிகுடாவின் சிறப்பு, ஒளி ஆண்டு முழுவதும் பெரும்பாலும் நிலைத்திருப்பது. அதற்குக் காரணம் நில அமைப்பு. வாய் குறுகியது என்பதால் உள்நீர் எளிதில் கடலுக்குப் போய்விடுவதில்லை. அலையாத்தியின் உதிர்ந்த இலைகள் அழுகிச் சத்துகளைத் தருகின்றன. ஒரு லிட்டர் நீரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்கள் சேர்வதுண்டு. நீர் தேங்கி நிற்பதால்தான் ஒளி. அதே காரணத்தால், உள்ளே கலக்கும் அழுக்கும் அங்கேயே தங்கிவிடும்.

நாசோவின் 'நெருப்பு ஏரி'

இந்த உயிரிக்கு 1906-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய விலங்கியலாளர் லுட்விக் பிளேட். அவர் அதைக் கண்டெடுத்த இடம் பகாமாஸ் தலைநகர் நாசோவில், வாட்டர்லூ என்னும் இடத்திலிருந்த நீர்நிலை. கடலோடு குறுகிய வாய்க்காலால் இணைந்திருந்த அதை மக்கள் 'நெருப்பு ஏரி' என்று அழைத்தனர். நாசோவுக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வந்த வெளிநாட்டுப் பயணிகள் பார்த்தே தீர வேண்டிய காட்சியாக அது இருந்தது. பிற்காலத்தில் பெரிய படகுகள் வந்துபோக அந்த வாய்க்காலை அகலப்படுத்தினார்கள். கடல்நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறத் தொடங்கியதும் உயிரிகள் தங்க வழியின்றிப் போயின, ஏரியும் இருண்டது. உயிரியின் அறிவியல் பெயரில் பகாமாஸ் இன்றும் இருக்கிறது. பெயரைத் தந்த ஏரியில்தான் அந்தப் பழைய ஒளி இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு வசதி செய்யப்போய்ப் பார்க்க வந்த பொருளையே தொலைத்த கதை இது.

லா பார்கெரா

புவேர்ட்டோ ரிக்கோவில் இத்தகைய நீர்நிலைகள் மூன்று பெயர் பெற்றவை: மொஸ்கிட்டோ, ஃபஹார்தோ ஊரருகே உள்ள லகுனா கிராந்தே, தென்மேற்கில் உள்ள லா பார்கெரா. இவற்றுள் முதலில் புகழ் பெற்றது லா பார்கெரா. 1950களில் புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் கடலியல் ஆய்வுக்கூடம் அருகிலுள்ள மாகெயஸ் தீவில் அமைந்தது. சுற்றுலாவும் வளர்ந்தது. விசைப்படகுகள் இரவுதோறும் ஓடின. கரையோர அலையாத்திகளுக்கு இடையே கால்நட்டு வீடுகள் எழுந்தன. மண்ணும் கழிவுநீரும் நீரில் கலந்தன, ஊர் விளக்குகள் இருட்டைக் கெடுத்தன. பைரோடினியம் குறைந்து, செரேஷியம் என்னும் வேறொரு சுழிக்கசை உயிரி அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. வியப்பு என்னவென்றால், மற்ற இரண்டிலும் நீச்சல் தடை செய்யப்பட்ட பிறகும் லா பார்கெராவில் மட்டும் அது தொடர்ந்தது. ஒளி குறைந்த இடத்தில் பயணிகளை ஈர்க்க நீச்சலே மிஞ்சியிருந்தது போலும்.

வியேகெஸ்: கடற்படையின் நிழலில்

வியேகெஸின் வரலாறு வேறு. 1941 முதல் அமெரிக்கக் கடற்படை தீவின் பெரும்பகுதி நிலத்தைக் கையகப்படுத்தியது. கரும்புத் தோட்டங்களில் உழைத்து வாழ்ந்த குடும்பங்கள் தீவின் நடுப்பகுதிக்கு நெருக்கித் தள்ளப்பட்டன. கிழக்கு முனையில் பல பத்தாண்டுகள் குண்டுவீச்சுப் பயிற்சி நடந்தது. 1999 ஏப்ரல் 19 அன்று குறி தவறிய குண்டுகளால் தாவித் சானேஸ் என்னும் உள்ளூர்க் காவலர் இறந்தார். பெரும் போராட்டம் வெடித்தது. 2003 மே 1 அன்று கடற்படை தீவில் பயிற்சியை நிறுத்தி வெளியேறியது.

மக்களுக்கு இவ்வளவு துன்பம் தந்த அதே ஆக்கிரமிப்பு, தீவின் பெரும்பகுதியில் விடுதிகளும் மாளிகைகளும் எழாமல் தடுத்தது என்பதையும் மறுக்க முடியாது. அதனால் விரிகுடாவைச் சுற்றி இருட்டு மிஞ்சியது. இதைக் கடற்படைக்குப் பெருமையாகச் சொல்வது முறையல்ல. விரிகுடா தப்பியது அவர்கள் எண்ணிச் செய்த காரியம் அல்ல. பாதுகாப்பு என்ற நோக்கத்தோடு எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் வேறு: 1980-இல் இது தேசிய இயற்கை அடையாளமாக அறிவிக்கப்பட்டது, பின்னர் புவேர்ட்டோ ரிக்கோ அரசின் இயற்கைக் காப்பகமும் ஆனது.

கடற்படை போன பின் வேலைவாய்ப்புக்குச் சுற்றுலாவே பெரும் நம்பிக்கையாயிற்று. எட்டாயிரம் பேர் சொச்சம் வாழும் தீவில், எஸ்பெரான்சா என்னும் சிற்றூரிலிருந்து இரவுதோறும் துடுப்புப் படகுகளும் மின்கலத்தால் ஓடும் படகுகளும் பயணிகளை ஏற்றிச் சென்றன. வந்தவர்கள் வெயிலுக்கான பூச்சையும் கொசு விரட்டியையும் உடலில் தடவிக்கொண்டு நீரில் இறங்கினர். கொசுவின் பெயரைக் கொண்ட இடத்தில் கொசு விரட்டி இல்லாமல் எப்படி? ஒருவர் உடலிலிருந்து கரைவது சிறிதே. ஆனால் நீர் வெளியேறாத இடத்தில், இரவு தவறாமல் பலர் இறங்கினால் கணக்கு மாறிவிடும். ஆகவே 2000களில் மொஸ்கிட்டோவிலும் லகுனா கிராந்தேயிலும் நீச்சல் தடை செய்யப்பட்டது. நீந்தலாம் என்று விளம்பரம் செய்து பிழைத்த படகுக்காரர்களுக்கு அது எளிதான செய்தியாக இருந்திருக்காது.

தடை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013 நவம்பரில் லகுனா கிராந்தே பல நாள்கள் ஒளியிழந்தது. அருகில் நடந்த கட்டுமான வேலையிலிருந்து வந்த வண்டல் மீது சந்தேகம் எழுந்தது. 2014 தொடக்கத்தில் மொஸ்கிட்டோவும் மங்கியது. நீந்துவோரே இல்லாத காலம் அது. எனவே காற்று, மழை, கரையில் நடக்கும் வேலைகள் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்காமல் நீச்சலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பொருந்தாது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அலையாத்திகளை முறித்துப்போட்டது. விரிகுடா மாதக்கணக்கில் இருண்டு, 2018-இல் மறுபடி ஒளிரத் தொடங்கியது.

இன்றும் நீந்தும் இடம்

ஜமைக்காவில் ஃபால்மத் நகருக்கு அருகே, மார்த்தா ப்ரே ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள ஒளிரும் காயலில் பயணிகள் இன்றும் நீந்துகின்றனர். இங்கு ஆற்றின் நன்னீர் மேலே குளிர்ந்தும், கடலின் உப்புநீர் கீழே வெதுவெதுப்பாகவும் இருக்கும். இறங்குபவரின் உடல் இரண்டையும் ஒரே நேரத்தில் உணரும். குறுகிய நீர்நிலைகளில் இந்த உயிரி எவ்வாறு இவ்வளவு பெருந்தொகையாகச் சேர்கிறது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் செலிகரும் வில்லியம் மெக்எல்ராயும் 1960களில் ஆராய்ந்தது இங்கேதான். 2011-இல் ஃபால்மத்தில் பெரும் பயணக் கப்பல்களுக்கான துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் பிறகு காயலைத் தேடி வருவோருக்குக் குறைவில்லை.

வியேகெஸில் இப்போது அடிப்பகுதி கண்ணாடி போலத் தெளிவான துடுப்புப் படகுகள் ஓடுகின்றன. பயணிகள் படகிலேயே அமர்ந்து கீழே ஒளியைக் காண்கின்றனர். முழுநிலவையொட்டிய இரவுகளில் பல படகுக்காரர்கள் பயணமே வைப்பதில்லை.