பட்டம் இல்லாத படிப்பு

'டிசைன்' என்ற சொல் நம் தலைமுறைக்குப் புதிதல்ல. "இதே டிசைன்ல வேற கலர் காட்டுங்க" என்று புடவைக் கடையில் கேட்காதவர்கள் உண்டா? வளையலுக்கு டிசைன் உண்டு, ஜன்னல் கம்பிக்கு டிசைன் உண்டு, மொசைக் தரைக்கும் உண்டு. ஆனால் அதை நாலு வருஷம் கல்லூரியில் படிக்கலாம் என்பது நம்மில் பலருக்குப் புதுசு. இப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் 'பி.டெஸ். சேரப் போறேன்' என்கிறார்கள். உடனே பெரியவர்கள், "அதுக்கு வேலை கிடைக்குமா? அது டிகிரிதானா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலம் அது. துணியும் பீங்கானும் மலிவாகச் செய்து குவித்தார்கள். ஆனால் அழகில் பிரெஞ்சுக்காரர்களின் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. அந்தக் கவலையில்தான் 1837-ல் லண்டனில் அரசாங்கமே ஒரு டிசைன் பள்ளியைத் தொடங்கியது. பிற்காலத்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்று பெயர் பெற்றது அதுதான். ஆக, இந்தப் படிப்பு பிறந்ததே வியாபாரத்துக்காக.

அடுத்த 13 வருஷத்தில் அந்த யோசனை மதராஸுக்கு வந்துவிட்டது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர், பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளி ஆரம்பித்தார். சில வருஷங்களில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பெரியமேடு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்தச் சிவப்புக் கட்டடங்கள்தான். கல்கத்தா பள்ளி 1854-ல் வந்தது, பம்பாய் ஜே.ஜே. பள்ளி 1857-ல். நம்முடையதுதான் மூத்தது. வரைவது, மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பது, மண்பாண்டம், போட்டோகிராபி என்று பலதும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மதராஸ் யூனிவர்சிட்டி தொடங்கியது 1857-ல். அதாவது கலைப் பள்ளி யூனிவர்சிட்டிக்கே 7 வருஷம் மூத்தது. பட்டமளிப்பு விழாக்கள் நடந்த செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம், இந்தக் கலைப் பள்ளிக்கும் தலைவராக இருந்தவர். பி.ஏ. பட்டம் வாங்குகிறவர்களுக்கு மண்டபம் கட்டியவர் ஒருவர். அவரிடம் தொழில் படித்த பிள்ளைகளுக்கோ பட்டம் கிடையாது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், படித்தவன் வேறு, கைவேலைக்காரன் வேறு என்று இரண்டு வரிசை உண்டாகிவிட்டது.

ஆனால் அந்தப் பட்டமில்லாத பள்ளி செய்த வேலை நம் அடுப்படி வரை வந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற இன்ஜினீயர் 1898-ல் அங்கேதான் அலுமினியத்தில் பாத்திரம் செய்து பார்க்கும் சோதனையை ஆரம்பித்தார். நம்ம ஊர்ப் பாத்திர வேலைக்காரர்களின் கையும் புது உலோகமும் அங்கே சேர்ந்தன. இரண்டு வருஷத்தில், 1900-ல், மதராஸில் ஒரு கம்பெனியே வந்துவிட்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டும். விலையும் அதிகம், கனமும் அதிகம். ஏழை வீட்டில் லேசான அலுமினியக் குண்டான் நுழைந்ததற்கு ஒரு கலைப் பள்ளியும் காரணம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு காற்று மாறியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததே. 1957-ல் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். 1966-ல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியபோது, நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசிலிருந்து. ஓவியர்களுக்குச் சோறு போட்டது டிசைன் வேலைதான். அந்தப் பள்ளியில் படித்த ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். தமிழ்ப் பத்திரிகைகளில் அவர் வரைந்த கோட்டோவியங்களும் தலைப்பெழுத்துகளும் நம் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இருந்தும் வீட்டில் மதிப்பு இருந்ததா என்றால், இல்லை. 1968-ல் என் தம்பி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தான். அவன் கை பேசும். கோயில் தேரைப் பார்த்துவிட்டு வந்து, சக்கரத்தின் அச்சு முதற்கொண்டு வரைந்து வைப்பான். டிராயிங் மாஸ்டரே வீட்டுக்கு வந்து, எழும்பூர் ஆர்ட்ஸ் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்றார். அப்பா மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, "போர்டு எழுதவா இவனைப் பெத்தேன்? டிகிரி உண்டாடா அங்கே?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. பி.காம். படித்து ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக 34 வருஷம் இருந்தான். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிகிரி ஒன்றுதான் அப்போது அவருக்குத் தெரிந்த காப்பு.

இதே காலத்தில் அகமதாபாத்தில் வேறொரு கதை நடந்தது. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் நம் அரசாங்கம் கேட்டதற்கிணங்க ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நாடு முழுவதும் பார்த்த பொருட்களில் அவர்கள் மிகவும் வியந்தது லோட்டாவை, அதாவது நம்ம செம்பை! எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், ஊற்றும்போது கனம் எந்தப் பக்கம் சாய வேண்டும், கழுவ வசதியா, விலை என்ன என்று கேள்வி கேள்வியாக அடுக்கினார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதுதான் டிசைன் படிப்பு. அதன் விளைவாக 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1970-ல் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கும் அங்கே வகுப்பு தொடங்கியது. முதலில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி: கோடு, வண்ணம், வடிவம், மரம், உலோகம். அதற்குப் பிறகுதான் தனித்துறை.

1971-ல் ஸ்டேட் பாங்கின் நீல வட்டச் சின்னம் வந்தது. வரைந்தவர் அந்த நிறுவனத்தின் சேகர் காமத். நம் பாஸ் புக்கில் ஆண்டுக்கணக்காகப் பார்த்துவருகிறோம். செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. 2010-ல் ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, பம்பாய் ஐ.ஐ.டி.யில் டிசைன் படித்தவர்.

இப்போது அந்த டிகிரி கேள்விக்கு வருவோம். குவஹாத்தி ஐ.ஐ.டி. 1998-லேயே பி.டெஸ். பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. ஆனால் நாட்டுக்கே வழிகாட்டிய அகமதாபாத் நிறுவனம் அத்தனை காலமும் டிப்ளமோதான் கொடுத்துவந்தது. 2014-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் அதற்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹண்டர் பள்ளி தொடங்கியதிலிருந்து 164 வருஷம்!

ஆகவே பேரன் பேத்தி கேட்டால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். டிகிரிதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஹண்டர் காலத்தில் அந்தப் பள்ளி கைவினைஞர்களை மனதில் வைத்து நடந்தது. இன்று பல இடங்களில் கட்டணம் லட்சக்கணக்கில். அகில இந்திய நுழைவுத் தேர்வுகள், அதற்கு ஆங்கிலத்தில் பயிற்சி வகுப்புகள். மாணவர்கள் கிராமத்துக்குப் போய் நெசவாளரையும் குயவரையும் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நெசவாளர் மகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாளா? பட்டம் வந்ததும் கைவேலைக்கு மரியாதை வந்தது என்று சந்தோஷப்படுகிறோம். அந்த மரியாதை கைவேலைக்காரர் வீட்டு வாசல் வரை போனால்தான் இந்தக் கணக்கு நேராகும். எழும்பூரில் இன்றைக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் குறைவு. உங்களுக்குத் தெரிந்த தச்சர், கொத்தனார் வீட்டில் நன்றாக வரைகிற பிள்ளை இருந்தால், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.