ஒரே சூப், இரண்டு சீஸ்

சீஸ்பர்கர் சூப் வைக்கப்போகிறேன் என்றதும், "பர்கரை மிக்ஸியில் அடித்துக் குடிப்பீங்களா?" என்று ஊரிலிருந்து அக்கா போனில் கேட்டாள். அப்படி இல்லை. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், பனி முழங்கால் வரை கிடக்கும் மாதங்களில் வீட்டு அடுப்புகளில் கொதிக்கிற கெட்டியான சூப் இது. மாட்டுக்கறிக் கைமா, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், செலரி, பால், சீஸ். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ராத்திரி வேளை முடிந்தது.

மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூடும், குறையும். சீஸில்தான் இரண்டு கட்சி. ஒன்று செடார் கட்டியைத் துருவிப் போடும். மற்றது வெல்வீட்டா மாதிரியான பதப்படுத்திய சீஸைத் துண்டு போட்டுக் கரைக்கும். முதல் கட்சிக்கு அது 'பிளாஸ்டிக்'. இரண்டாம் கட்சியோ, செடார் போட்டுத் திரிந்துபோன சூப்பைக் காட்டிச் சிரிக்கும். ஒரு சனிக்கிழமை இரண்டு பாத்திரங்களை ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

சீஸ் போகும்வரை இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பாத்திரத்துக்கு 400 கிராம் கைமா, கொழுப்பு 20 சதவீதம் உள்ளதாக. நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில் போட்டு அமுக்கிவிட்டுக் கிளறாமல் விட வேண்டும். நமக்குக் கை சும்மா இருக்காது. கிண்டிக்கொண்டே இருந்தால் கறி தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் அவிந்துபோகும். நாலு நிமிஷம் பொறுத்தால் அடிப்பக்கம் பழுப்பேறி முறுகும். பர்கர் ருசியில் பாதி அந்த முறுகலில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால், அப்புறம் எந்த சீஸைப் போட்டாலும் கறி போட்ட பால் கஞ்சிதான். கைமாவை எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய கொழுப்பில் காய்களை வதக்கி, 750 மில்லி சிக்கன் ஸ்டாக் ஊற்றி, அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிக் கரைத்தேன். 450 கிராம் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு, வெந்ததும் கைமாவைத் திரும்பச் சேர்த்தேன். உப்பு மட்டும் போடவில்லை.

இனி செடார் பாத்திரம். தனி வாணலியில் மூன்று கரண்டி வெண்ணெயை உருக்கி, நாலு கரண்டி மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, 350 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, அதைச் சூப்பில் சேர்த்தேன். கெட்டிக்காக மட்டும் என்று இந்த மைதாவை நினைத்துத்தான் போன வருஷம் ஏமாந்தேன். உருளைக்கிழங்கே கெட்டியாக்குமே என்று மைதாவை விட்டுவிட்டு, தளதளவென்று கொதிக்கிற சூப்பில் இரண்டு வருஷம் முதிர்ந்த செடாரை மொத்தமாகக் கொட்டினேன். மேலே ஆரஞ்சு நிற எண்ணெய் மிதந்தது, அடியில் ரப்பர் மாதிரி உருண்டைகள். விலை கொடுத்து வாங்கிய உசத்தி சீஸ் இப்படிச் செய்ததே என்று வயிறு எரிந்தது. உசத்தி என்பதுதான் அங்கே சிக்கலே.

பாலின் கேசீன் புரதத்தைக் கால்சியம்தான் வலைபோலப் பின்னிப் பிடித்திருக்கிறது. கொழுப்பும் நீரும் அந்த வலைக்குள் அடைந்து கிடக்கின்றன. சூடு மிஞ்சினால் வலை சுருங்கி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சீஸ் முதிர முதிரப் புரதம் சிதைந்து ருசி ஏறும், ஆனால் கொழுப்பைப் பிடித்துவைக்கும் தெம்பு போய்விடும். மைதாவின் மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு நடுவே புகுந்து, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கிறது. அதனால் இந்தத் தடவை மைதாவும் இருந்தது, செடாரும் அதிகம் முதிராதது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு 225 கிராமைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினேன். கட்டியாக வாங்கி நாமே துருவுவது மேல். துருவி வரும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸ் தூளோ தூவியிருப்பார்கள், சூப்பில் அது லேசாக நறநறக்கும்.

வெல்வீட்டா பாத்திரத்தில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. வெண்ணெய் வேண்டாம், மைதா வேண்டாம். பாலை ஊற்றி, அதே 225 கிராமைத் துண்டு போட்டுக் கிளறினேன். மூன்று நிமிஷத்தில் பட்டு மாதிரி வந்துவிட்டது. வேண்டுமென்றே கொதிக்கவிட்டும் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை.

இந்த வித்தை சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. 1911இல் தூன் ஊரில் வால்ட்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் எமென்டால் சீஸில் சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கினார்கள். சிட்ரேட் கால்சியத்தைக் கவ்விக்கொள்ள, வலை தளர்ந்து, கேசீனே கொழுப்பையும் நீரையும் இணைத்துப் பிடிக்கும் பொருளாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் எல். கிராஃப்ட் 1916இல் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் நியூயார்க் மாநிலத்து மன்றோவில் எமில் ஃபிரே உருவாக்கியது வெல்வீட்டா. உடைந்து வீணாகும் சீஸ் துண்டுகளை என்ன செய்வது என்ற கவலையில் பிறந்த சரக்கு. பழைய சோற்றைப் பிழிந்து வடாம் போட்ட கெட்டிக்காரத்தனம்தான் அது, பிளாஸ்டிக் அல்ல. 1927இல் கிராஃப்ட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

ருசி என்று வந்தால் வேறு கதை. செடார் சூப் வாயில் வைத்ததும் சுறுக்கென்றது, மூக்கு வரை ஏறியது, விழுங்கிய பிறகும் நின்றது. முறுகிய கறிக்கு அதுதான் ஜோடி. வெல்வீட்டா சூப் நாக்கில் வழுவழுவென்று இறங்கிவிட்டது. உப்பு, ஒரு பால் இனிப்பு, அவ்வளவுதான். அந்த உப்பும் கொஞ்சமல்ல. எடைக்கு எடை பார்த்தால் செடாரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சோடியம். முன்னாலேயே உப்பு போட்டிருந்தால் அந்தப் பாத்திரம் வாயில் வைக்க விளங்கியிருக்காது. செடார் பாத்திரத்துக்குத்தான் கடைசியில் அரைக் கரண்டி கேட்டது.

மறுநாள் சூடு பண்ணும்போது செடாரின் மானம் போனது. சிறு தீயில் வைத்தும் ஓரங்களில் ரவை மாதிரி திரிந்தது. வெல்வீட்டா ஃபிரிட்ஜில் களியாக இறுகிக் கிடந்தாலும், அரை டம்ளர் பால் விட்டதும் பழையபடி இளகியது.

ஊரில் இதைச் செய்து பார்க்கிறேன் என்ற அக்காவிடம், உன் ஃபிரிட்ஜில் இருக்கும் சீஸ் க்யூப் உறையைத் திருப்பிப் படி என்றேன். 331 என்று எண் போட்டிருந்தால் அது சோடியம் சிட்ரேட். தமிழ்நாட்டுக் கடைகளில் க்யூப், ஸ்லைஸ் என்று கிடைப்பதில் பெரும்பாலானது பதப்படுத்தியதுதான். ஆக, கேட்காமலே அவள் இரண்டாம் கட்சி.

நான் இப்போது இரண்டையும் கலக்கிறேன். 200 கிராம் செடார், அதோடு இரண்டு ஸ்லைஸ் பதப்படுத்திய சீஸ். அந்த இரண்டு ஸ்லைஸில் இருக்கும் சிட்ரேட்டே மற்றதையும் கட்டி மேய்க்கிறது. ஸ்லைஸ் இல்லாத நாளில் இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை கலக்கிச் சூப்பில் விட்டேன். அதுவும் சோடியம் சிட்ரேட்தானே! புளிப்பு முழுக்க அடங்கியிருக்க வேண்டும், மிச்சம் இருந்தால் அதுவே பாலைத் திரித்துவிடும். பர்கரில் வைக்கிற வெள்ளரி ஊறுகாயையும் அதனால்தான் பாத்திரத்துக்குள் போடுவதில்லை. பொடியாக நறுக்கி, வெண்ணெயில் பொரித்த பன் துண்டுகளோடு கிண்ணத்தில் மேலாகத் தூவிக்கொள்கிறோம்.